பெரியப்பாவின் கணக்கில் எண்பத்தெட்டு

1

ஒரு அமெரிக்கக் கோல்ஃப் வீராங்கனையைப் பற்றிய கதை என்றால், அது கிடைத்த இடத்தையாவது கொஞ்சம் கௌரவமாகச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தாள், விருந்தொன்றில் கைகுலுக்கினாள், இப்படி ஏதாவது. உண்மை என்னவென்றால், இந்தக் கதை எனக்கு ஒஸ்லோவின் அம்மருட்டில், எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்ச் சலவை அறையில் கிடைத்தது.

அன்று என் முறை. சலவை நேரம் பதியும் முறைப்பலகையில், என் நேரத்துக்கு என் பூட்டைக் கொழுவியிருந்தேன். கூடையோடு இறங்கிப் போனால், ஐந்தாம் மாடி வசந்தமலர் அக்காவின் மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நோர்வேயில் எதற்கும் மன்னிப்பு உண்டு. அடுத்தவரின் சலவை நேரத்தில் கைவைத்தால் மட்டும் கிடையாது. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் நான் வாயைத் திறக்கமுன்னரே அவர் கதையைத் தொடங்கிவிட்டார்.

மெஷினின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரேயொரு பொன்னாடை சுற்றிக்கொண்டிருந்தது.

"பொன்னாடையை ஆரும் மெஷினிலை போடுவினமோ அக்கா?"

"அதை ஏன் கேக்கிறீர் தம்பி. இவர் பிழையான ஆளுக்குப் போத்திப்போட்டார். அந்த மனுசன் பாவம், திருப்பிக் கொண்டுவந்து தந்திட்டுது. ஓரத்திலை சாம்பார் பட்டிருக்கு."

அந்த இடத்திலேயே கதை என்னைப் பிடித்துக்கொண்டது. பொன்னாடைகளை வாங்கி அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மனிதர்களை எனக்குத் தெரியும். (நானும் ஒருவன்.) திருப்பிக் கொடுத்த தமிழர் ஒருவரைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அக்கா, "தம்பி, உதைக் கதையாய் எழுதிப்போடாதையும்," என்றார். ஈரத் துணியை உதறி மடித்துக்கொண்டே, "எழுதினால் என்னைக் கொஞ்சம் மெலிவாய் எழுதும்," என்றார்.

எழுதுகிறேன். வசந்தமலர் அக்கா ஒல்லியானவர்.

2

எப்படித் தொடங்குவது? முதல் முயற்சி:

"அமெரிக்காவின் முடிவில்லாத பச்சைப் புல்வெளியில், காலைப் பனித்துளிகள்—"

[வேண்டாம். நான் அமெரிக்காவுக்குப் போனதில்லை. எந்த ஊர், எந்த மாதம், எவ்வளவு பனி என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வேன்.]

இரண்டாம் முயற்சி:

"எண்பத்துநான்கு! கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்று களத்தில் நின்ற எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டிய சாருகா, கண்ணீர் மல்க வெற்றிக் கிண்ணத்தை உயர்த்தி—"

இந்தத் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாலு பக்கம் ஓடிவிட்டேன். ஒரு தைரியத்துக்காக அக்காவின் மகன் கீர்த்திகனிடம் காட்டினேன். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பையன். தமிழை மெல்ல மெல்ல, விரல் வைத்து வாசிப்பான். முதல் பந்தி முடிவதற்குள் விரல் நின்றுவிட்டது.

"அங்கிள்," என்றான். "நீங்களுமா?"

சலவை அறையில் அக்கா எண்பத்துமூன்று, எண்பத்தெட்டு என்று எண்களாகச் சொல்லிக்கொண்டு போனபோது, இதில் என்ன பிழை இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. விளங்கியதுபோலத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். எழுத்தாளன் இல்லையா.

கீர்த்திகன் விளக்கினான். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் விழுத்த எத்தனை தரம் அடித்தீர்கள் என்பதுதான் கணக்கு. குறைய அடித்தவர் வென்றவர். பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து எழுபத்திரண்டு என்பது கெட்டிக்காரரின் அளவு. அதற்கு மேலே போகப் போக வெட்கம். எண்பத்துநான்கு என்றால், தொழில்முறை வீராங்கனை ஒருத்தி தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு கார் ஏறுகிற எண்.

உங்களில் யார் யாருக்கு இது முன்பே தெரியும்? கையை உயர்த்துங்கள். சரி, சந்தோஷம். மற்றவர்கள் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். எங்களுக்கு விளையாட்டு என்றால் கிரிக்கெட். எண் கூடினால் கைதட்டுவோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாலு பக்கத்தையும் கிழித்தேன். கிண்ணத்தை மட்டும் மனசில்லாமல் கீழே வைத்தேன்.

3

இப்போது முறைப்படி சாருகாவின் வாழ்வும் தொழிலும்.

அவள் வசந்தமலர் அக்காவின் கணவர் சிறீஸ்கந்தராசாவின் தம்பி மகள். அதனால் அவர் அவளுக்குப் பெரியப்பா. பிறந்தது வட கரோலினாவில். தகப்பன் அங்கே மருத்துவமனை ஆய்வுகூடமொன்றில் வேலை. எட்டு வயதில், கோடை விடுமுறைக்கு நீச்சல் பழகப் பதியப் போனார்கள். நீச்சலுக்கு இடமில்லை. டென்னிசுக்கும் இல்லை. கோல்ஃபுக்கு மட்டும் இருந்தது, ஏனென்றால் வேறு எவரும் கேட்கவில்லை. ஒரு மனிதப் பிறவியின் பாதை இவ்வாறுதான் தற்செயலின்—

[இந்த வசனத்தை முடிக்கப்போவதில்லை. இடம் இருந்தது, சேர்ந்தாள். அவ்வளவுதான்.]

பள்ளிக்கூடக் காலத்திலேயே மாநிலப் போட்டியில் வென்றாள். பல்கலைக்கழகம் புலமைப்பரிசில் கொடுத்துக் கூப்பிட்டது. மகள் வைத்தியராவாள் என்று காத்திருந்த தாய், படிப்பு இலவசம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். படிப்பு முடிந்ததும் மகள் மட்டைகளைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு தொழில்முறையில் இறங்கிவிட்டாள்.

தொழில்முறை என்றவுடன் தொலைக்காட்சியில் தெரிகிற தனிவிமானக்காரர்களை நினைக்காதீர்கள். சாருகா விளையாடியது அதற்கு அடுத்த தட்டில். பின்னால் மட்டைகள், முன்னிருக்கையில் ரைஸ் குக்கர், ஊர் ஊராக ஓட்டம். போட்டி நடக்கும் ஊர்களில் வீரர்களுக்கு ஒரு அறை ஒதுக்கித் தரும் நல்ல குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டு நாய்களின் பெயர்கள் எல்லாம் அவளுக்குப் பாடம். ஒவ்வொரு போட்டியும் நாலு நாள். முதல் இரண்டு நாளில் பின்தங்கியவர்களை வெள்ளிக்கிழமையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாருகாவின் பல சனிக்கிழமைகள் நெடுஞ்சாலையில் கழிந்தன.

ஒரேயொரு தடவை முதலிடம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. ஜோர்ஜியாவில் ஒரு போட்டி. கடைசி நாள் அறுபத்தேழு. இன்னொருத்தியும் அவளும் சமம். தீர்ப்புக்கு மேலதிகமாக ஒரு குழி. ஒரு முழத் தூரத்தில் பந்து. சின்னப் பிள்ளையும் விழுத்திவிடும். அடித்தாள். பந்து குழியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே போக மனமில்லாமல் வெளியே நின்றது.

அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, மறந்துபோவேன் என்று இங்கேயே சொல்கிறேன்: கோல்ஃபில் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை. புதருக்குள் தனியே நின்று அடித்த அடியையும் ஆடுபவரே எண்ண வேண்டும். கால் பட்டுப் பந்து அசைந்தால், எவரும் பார்க்காவிட்டாலும், தன் பிழையைத் தானே சொல்ல வேண்டும். சாருகா எட்டு வயதிலிருந்து இதற்குப் பழகியவள். இது பிறகு அவளுக்குத் தொல்லை கொடுக்கப்போகிறது.

4

பெரியப்பா சிறீஸ்கந்தராசா ஒஸ்லோவில் டிராம் ஓட்டுகிறார். வாலிபத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரர். தம்பி மகள் விளையாட்டை நம்பி இறங்கிவிட்டாள் என்று அறிந்த நாளிலிருந்து அவளைத் தொலைபேசியில் பின்தொடர்கிறார். வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணியோடு இருந்துகொண்டு முடிவுப் பட்டியலைத் திறப்பார். அவருடைய தர்க்கத்தைக் கவனமாகக் கேளுங்கள். அதில் ஒரு ஓட்டையும் கிடையாது.

பட்டியலின் உச்சியில் சின்ன எண்கள். கீழே வரவர எண் பெருக்கிறது. ஆகவே இது அடியிலிருந்து மேலே வாசிக்க வேண்டிய பட்டியல். உச்சியில் இருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் கழித்தல் குறி. சிவப்பும் கழித்தலும் ஒன்றாக வந்தால் என்ன பொருள் என்று யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாருகாவின் பெயரோ கீழே, பக்கத்தில் நல்ல கறுப்பில் கூட்டல் பதினொன்று. வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஆட்டம் முடிந்துவிடும். சிவப்புக்காரர்கள்தான் சனி ஞாயிறும் வெயிலில் அலைவார்கள்.

"திறமாய்ச் செய்தவைக்கு ஹெல்க் லீவு," என்று அவர் மனைவிக்கு விளக்கினார். வார இறுதிக்கு அவர் பாவிப்பது நோர்வேஜியச் சொல்தான். "மற்றவை நிண்டு முடிச்சுப்போட்டுத்தான் போகவேணும். நியாயம்தானே?"

நோர்வேயில் இத்தனை வருடம் வேலை செய்தவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கீர்த்திகன் பள்ளிக்கூடம் படிக்கும்போதே உண்மையைக் கண்டுபிடித்துத் தாயிடம் சொன்னான். இருவரும் சேர்ந்து பக்குவமாகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக் காத்திருந்தார்கள். அன்று பெரியப்பா கேக் பெட்டியோடு வீட்டுக்குள் வந்தார். கேக்கின் மேல் கிரீமால் 81 என்று எழுதியிருந்தது.

[வசந்தமலர் அக்கா இதை வாசித்துவிட்டு: "81 இல்லைத் தம்பி, 83. நானெல்லோ வெட்டினனான்."]

கேக்கின் மேல் கிரீமால் 83 என்று எழுதியிருந்தது. தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கேக்கை வெட்டினார்கள்.

5

அந்த எண்பத்துமூன்றின் மறுபக்கம் இது.

கான்சாஸில் ஒரு கார் நிறுத்தம். சாருகா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு காருக்குள் இருந்தாள். பயிற்சியாளருக்குப் பதில் போட மனமில்லை. தாயின் அழைப்பை எடுக்கவில்லை. தொலைபேசி சிணுங்கியது. பெரியப்பாவின் செய்தி.

"சபாஷ் பிள்ளை! 83!! கேக் வெட்டுறம்!"

முதலில் கேலி செய்கிறார் என்று நினைத்தாள். கண் கலங்கியது. பிறகு பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தாள். எண்பதுக்குச் "சிங்கம்!" என்று இருந்தது. எழுபதுக்கு, "பரவாயில்லை, உடம்பு சுகமில்லையோ?" அப்போதுதான் பிடிபட்டது. கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தனியே சிரித்தாள். பிறகு போய் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

சரி. ஏன் அவரைத் திருத்தவில்லை? இந்த இடத்தில் என் கதாநாயகியோடு எனக்குச் சரிவரவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பெரியப்பாவின் மனதை நோகடிக்க அவளுக்கு விருப்பமில்லை." [இது எந்தக் கதையிலும் யாருக்கும் பொருந்தும்.]

"இதைத் தமிழில் எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை." [பாதி உண்மை. அவளுடைய தமிழ் சாப்பாட்டுக்கும் சுகம் விசாரிப்புக்கும் போதும், கோல்ஃபுக்குப் போதாது.]

மூன்றாவதை எழுதும்போதுதான் ஜோர்ஜியா ஞாபகம் வந்தது. அந்த எண்பத்துமூன்றுக்குப் பிறகு, ஒரு முழத் தூரத்துப் பந்து வெளியே நின்ற நாள். அன்று எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள். இரண்டாம் இடம் பெரிய விஷயம் என்றார்கள். பயிற்சியாளர் கட்டிப்பிடித்தார். அவள் எல்லாருக்கும் சிரித்தாள். காருக்குள் வந்து தொலைபேசியைத் திறந்தாள்.

"67தானோ? முகத்தைச் சோரவிடாதை பிள்ளை. இப்பிடியும் ஒரு நாள் வரும்."

அன்று உலகத்தில் அவளுக்கு ஆறுதல் சொன்னது இந்த ஒரேயொரு மனிதர். முழுக்க முழுக்கப் பிழையான கணக்கில். சாருகா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். அழுது முடித்தபோது பாரம் இறங்கியிருந்தது.

ஆகவே மூன்றாவது வசனம் இப்படி வருகிறது: அவள் மோசமாக ஆடிய நாட்களில் அவளால் சந்தோஷப்பட்ட ஒருவர் ஒஸ்லோவில் இருந்தார், அவரை இழக்க அவளால் முடியவில்லை. இதை வெட்டப்போவதில்லை.

6

போன வருடம் ஆட்டம் சரிந்தது. வசந்த காலத்தில் ஒரு நாள் எண்பத்தெட்டு அடித்தாள். தொழிலில் இறங்கிய பிறகு ஆகக் கூடிய எண். கோடை தொடங்கும்போது, அடுத்த வருடம் அந்தத் தட்டில் ஆடும் அனுமதியும் கைவிட்டுப்போனது. இலையுதிர் காலத்தில் தகுதிப் போட்டி ஒன்று உண்டு. அதில் தேறினால் மீண்டும் உள்ளே. இல்லாவிட்டால், அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பழக்கும் வேலை காத்திருக்கிறது. முப்பத்துமூன்று வயது. தகுதிப் போட்டிக்குப் பதியவா, விடவா என்று முடிவெடுக்கத்தான் ஒஸ்லோவுக்கு வந்தாள்.

வந்து இறங்கினால், விமான நிலையத்திலேயே பெரியப்பா அழைப்பிதழை நீட்டினார். "எண்பத்தெட்டு அடித்த எமது செல்வி சாருகாவுக்குப் பாராட்டு விழா." ட்வெய்ட்டாவில் மண்டபம் எடுத்தாயிற்று. வடை, ரோல்ஸ் சொல்லியாயிற்று. பொன்னாடை இரண்டு. ஒன்று சாருகாவுக்கு, மற்றது தமிழ்ச் சங்கத் தலைவருக்கு. தலைவரை எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

தன் அடியைத் தானே எண்ணிப் பழகியவளால் பொய்க்குப் பொன்னாடை போர்த்துக்கொள்ள முடியுமா? (எங்களில் பலருக்கு முடியும். அவள் அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளை.) விழாவுக்கு முன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். வாயால் சொன்னால் தமிழ் காலை வாரும். கண்ணால் பார்த்தால் விளங்கும் அல்லவா? நகருக்கு வெளியே ஒரு கோல்ஃப் திடலுக்குப் பெரியப்பாவைக் கூட்டிப்போனாள்.

பெரியப்பா டிராம்காரரின் பளபளத்த சப்பாத்தும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்தார். மட்டையைக் கிரிக்கெட் மட்டையைப்போலப் பிடித்தார். முதல் அடியில் புல் பறந்தது. பந்து அப்படியே இருந்தது. இரண்டாவது பற்றைக்குள் போனது. தேடி எடுத்தார். அடுத்தது குளத்துக்குள். சாருகா வேறு பந்து கொடுத்தாள். அவர் அடிக்க அடிக்கச் சத்தமாக எண்ணிக்கொண்டு போனார். கடைசியில் பந்து குழிக்குள் விழுந்தபோது, தொப்பியைக் கழற்றி நாலு திசைக்கும் காட்டினார்.

"பதினாலு! உனக்கு எத்தினை?"

"நாலு, பெரியப்பா."

அவருடைய முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ எனக்கு விட்டுத்தந்தனி, என்ன?"

இதுதான் சந்தர்ப்பம். சாருகா மூச்சை இழுத்துக்கொண்டாள். "இல்லை பெரியப்பா. உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். இந்த விளையாட்டு…"

"நான் சொல்லுறன் இந்த விளையாட்டைப் பற்றி," என்று அவர் புல்லில் இருந்தார். களைத்துப் போயிருந்தார், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "கிரிக்கெட்டிலை ஒரு பந்து பிசகினால் காணும், போ வெளியாலை. இஞ்சை பார். பத்தைக்குள்ளை போச்சு, எடுத்து அடிச்சனான். தண்ணிக்குள்ளை போச்சு, வேறை பந்து தந்தனி. ஒருத்தரும் என்னைப் போகச் சொல்லேல்லை. அடிச்ச எல்லாத்தையும் எண்ணுறாங்கள். காத்துக்கு அடிச்சதையும் எண்ணுறாங்கள்."

சாருகா அவருக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தாள்.

"வந்த புதிசிலை நான் மொழிச் சோதினை நாலு தரம் எடுத்தனான் பிள்ளை. பாஸ் பண்ணின ஒண்டைத்தான் எழுதி வைச்சிருக்கிறாங்கள். மற்ற மூண்டுக்கும் நான்தானே விழுந்து விழுந்து படிச்சனான்? அதை ஆர் எண்ணினவை? உன்ரை விளையாட்டைப் பாக்கேக்கை எனக்கு அதுதான் பிடிச்சது. பட்ட பாடு ஒண்டும் வீணாய்ப் போகாது."

[இந்தப் பகுதியில் அவள் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் நான் திட்டமிட்டிருந்தேன். வசனம்கூடத் தயாராக இருந்தது. அவள் சொல்ல மறுத்துவிட்டாள். அவளைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.]

"அடுத்த குழிக்குப் போவம், பெரியப்பா," என்றாள் சாருகா.

அங்கே அவர் பதினேழு எடுத்தார்.

7

ட்வெய்ட்டா மண்டபத்தில் ஆபத்து முன்வரிசையில் இருந்தது. பெயர் நந்தகோபால். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலைக்காகக் குடும்பத்தோடு ஒஸ்லோ வந்தவர். பெங்களூரில் மேலதிகாரிகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் பழகியிருந்தார். பெரியப்பா ஒலிவாங்கியில் "எண்பத்தெட்டு!" என்று முழங்கிய நேரம் முதல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொன்னாடை சாருகாவின் தோளில் ஏறியது. கைதட்டல் ஓய்ந்தது. நந்தகோபால் கையை உயர்த்தினார்.

"சார், ஒரு சின்ன டவுட்."

ஒலிவாங்கி வயருக்குப் பக்கத்தில் நின்ற கீர்த்திகன், அதைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, கோயில் எந்தத் திசையில் இருக்கும் என்று தேடினார்.

"கோல்ஃப்ல ஸ்கோருங்கறது வந்து…" என்று நந்தகோபால் எழுந்தார். மேடையைப் பார்த்தார். சாருகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை மிக மெல்ல, இல்லை என்று அசைந்தது. அவர் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் தீபாவளி நடந்துகொண்டிருந்தது.

"…வந்து, எண்பத்தெட்டெல்லாம் நான் எதிர்பார்க்கவே இல்ல சார்," என்று முடித்தார் அந்த நல்ல மனிதர்.

பெரியப்பாவுக்கு உச்சி குளிர்ந்தது. "நீங்களும் ஆடுறனீங்களோ?"

"ஏதோ கொஞ்சம் சார். சண்டேல."

"உங்கடை ஆகக் கூடினது எத்தினை?"

பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு வருகிற சோதனை இது. "நூத்தி இருபத்தாறு சார்."

மண்டபம் மூச்சடைத்துப் போனது. பிறகு கைதட்டல் எழுந்தது பாருங்கள், சாருகாவுக்குக் கிடைத்ததைப்போல இரண்டு மடங்கு. பெரியப்பா மேடையால் இறங்கினார். தலைவருக்கென்று வைத்திருந்த பொன்னாடையை எடுத்து நந்தகோபாலின் தோளில் போர்த்தினார். "எங்கடை பிள்ளையை வெண்டவர் எங்களுக்கு முன்னாலை இருக்கிறார். நாங்கள் திறமையை மதிக்கிற ஆக்கள்," என்றார். நந்தகோபால் படப்பிடிப்பாளருக்கு முன்னால் திருடனைப்போல நின்றார். மேடையில் சாருகா பொன்னாடையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுகிறாள் என்று நினைத்து இரண்டொருவர் கண்ணைத் துடைத்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

தலைவர் இன்றுவரை பெரியப்பாவோடு கதைப்பதில்லை.

8

திரும்பிப் போகும் நாள், விமான நிலையத்தில், பெரியப்பா அவளுடைய மட்டைப் பையைக் கடைசிவரை தன் தோளிலேயே வைத்திருந்தார்.

"தகுதிப் போட்டிக்குப் பதிஞ்சிட்டன் பெரியப்பா," என்றாள் சாருகா.

"நல்லது." பையை இறக்கி வைத்தார். பட்டியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "அங்கை குறைய எடுத்தாலும் பரவாயில்லை பிள்ளை. எவ்வளவு குறைஞ்சாலும் எனக்குச் சந்தோசம்தான்."

சாருகா நிமிர்ந்து பார்த்தாள். அவர் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் உங்களுக்குத் தோன்றுவது எனக்கும் தோன்றியது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! நான் உடனே ஒரு முடிவு எழுதினேன். கேக் வெட்டிய நாளிலிருந்தே அவருக்குத் தெரியும், அத்தனையும் அன்பினால் ஆடிய நாடகம், விமானம் மேலே எழுகிறது, கீழே ஒரு முதியவர்— 

[அக்கா: "தம்பி, முப்பத்தைஞ்சு வரியமாய் இவரோடை இருக்கிறன். இவருக்கு ஒரு விசயம் தெரிஞ்சால் வாசல் தாண்டமுன்னம் வாயாலை வந்திடும். நாடகமாவது. வெட்டும் உதை."]

வெட்டினேன். கீர்த்திகன் வேறு விதமாகச் சொல்கிறான். திடலிலிருந்து திரும்பி வந்த அன்று அப்பா தொலைபேசியில் எதையோ வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தாராம். கேட்டதற்கு, "காலநிலை," என்றாராம். ஒஸ்லோவில் காலநிலையையும் வெகுநேரம் வாசிக்கலாம்தான்.

எனக்குத் தெரியாது. இந்தக் கதையை எழுதுகிறவன் நான், எனக்கே தெரியாது.

9

இலையுதிர் காலத் தகுதிப் போட்டி. கடைசி நாள் சாருகா காலையிலேயே ஆடப்போனாள். அவளுடைய ஆட்டத்தை அடி அடியாக எழுத எனக்கு அறிவு காணாது. கிழித்த நாலு பக்கமே சாட்சி. அறுபத்துநான்கு. தொழிலில் அவள் எடுத்த ஆகக் குறைந்த எண். முதலிடம். அனுமதி திரும்பக் கிடைத்தது. கடைசிக் குழியில் பந்து ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது. இந்த முறை நேரே உள்ளே போனது.

ஒஸ்லோவில் அக்காவும் கீர்த்திகனும் முதலில் பார்த்துவிட்டார்கள். தொலைபேசிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். பெரியப்பா வேலையால் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். தேத்தண்ணியோடு இருந்து பட்டியலைத் திறந்தார். வழக்கம்போல அடியிலிருந்து மேலே தள்ளத் தொடங்கினார். சாருகாவைக் காணவில்லை. தள்ளினார். இன்னும் தள்ளினார். உச்சியில் அவளுடைய பெயர் நின்றது. பக்கத்தில் சிவப்பில் கழித்தல் குறி.

தேத்தண்ணி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

அமெரிக்காவில், கார் நிறுத்தத்தில், சாருகா அவருடைய பெயருக்குக் கீழே, அவர் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதினவர்?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது. அக்கா குனிந்து கதவைத் திறந்தார். விழாவுக்கு மறுநாளே நந்தகோபால் கொண்டுவந்து, "இது அவங்களுக்குப் போக வேண்டியதுங்க," என்று கொடுத்துவிட்டுப் போன பொன்னாடை. அவள் வென்ற பிறகுதான் அலுமாரியை விட்டு இறங்கியிருக்கிறது. காய்ந்ததும் அமெரிக்காவுக்குப் போகிறது.

"அது அவையின்ரை விசயம் தம்பி. எனக்குக் காட்டேல்லை. நானும் கேக்கேல்லை."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இரண்டு செய்திகளையும் எழுதிப் பார்த்தேன். "பரவாயில்லை பிள்ளை" என்று எழுதினால், வாழ்க்கையின் ஆகச் சிறந்த நாளில் அவளுக்கு ஆறுதல்தான் கிடைக்கும். ஆனால் இனி வரப்போகும் எண்பத்துமூன்றுகளுக்கு ஒஸ்லோவில் ஒரு கேக் நிச்சயம். "வெண்டிட்டாய் பிள்ளை" என்று எழுதினால், அவள் வென்றதை அவர் அறிந்த முதல் நாள் இது. அதன் பிறகு அவள் தோற்கும் நாட்களில் சந்தோஷப்பட உலகத்தில் எவரும் இருக்கமாட்டார்கள். இதில் எது வேண்டும் என்று அவளைக் கேட்டேன். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பெரியப்பாவின் தொலைபேசியை உங்களிடம் தருகிறேன், செய்தியை நீங்களே எழுதுங்கள். கோல்ஃப் தெரியும் என்று முதலில் கை உயர்த்தியவர்கள் அவசரப்படாதீர்கள். உங்களுக்குத்தான் இது கஷ்டம். பெரியப்பாவின் விரல்கள் தடிப்பம், எழுத்துப்பிழை வந்தால் பாதகமில்லை. அவள் இன்னும் காரைக் கிளப்பவில்லை. கனநேரம் காக்கவைக்காதீர்கள்.